பழைய நிலைக்குத் திரும்புகிறது

தம்பி வந்தபோது மதியம். ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். ஊருக்கெல்லாம் ஓடுவான், அக்கா வீட்டு வேலை என்றால் மட்டும் ஆடி அசைந்து வருவான்.

"என்னக்கா, கம்ப்யூட்டர் இப்படித் தூங்கி வழியுது?"

"அதுக்குத்தானே கூப்பிட்டேன். வாயைக் குறைச்சிட்டு வேலையைப் பாரு."

கட்டட வரைபடம் போட்டுக் கொடுத்து அவள் பிழைப்பதே அதில்தான். போன வருஷம் கணவன் சாலை விபத்தில் போனான். ஊருக்காக அழுதாள். உள்ளுக்குள் மட்டும், அப்பாடா, இனிமேல் யாரும் நம்மேல் கையை ஓங்க மாட்டார்கள் என்றிருந்தது. அது தம்பிக்கு மட்டும்தான் தெரியும்.

"போன வாரம் இருந்த நிலைக்கே கொண்டுபோயிடறேன். உன் படமெல்லாம் அப்படியே இருக்கும், பயப்படாத."

போன வாரத் தேதி எடுபடவில்லை. போன மாசத் தேதியும் மக்கர் பண்ணியது. அலுத்துப்போய், திரையில் ஆகக் கீழே கிடந்த தேதியைத் தட்டிவிட்டான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

'பழைய நிலைக்குத் திரும்புகிறது. நடுவில் நிறுத்த வேண்டாம்.'

"எந்தத் தேதிடா போட்டே?"

"ரொம்பப் பழசு. மாமா இருந்தப்ப உள்ளது."

பிளக்கைப் பிடுங்கப் போன கையை அவள் பாதியில் இழுத்துக்கொண்டாள். ஒரு மெஷினுக்குப் போய் ஏன் இப்படி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

திரையில் நீலக் கோடு மெல்ல நகர்ந்தது. அறையில் சிகரெட் வாடை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். வாடை இன்னும் கூடியது.

இடது மணிக்கட்டு எரிந்தது. என்றைக்கோ ஆறிப்போன தீக்காயம் அங்கே. குனிந்து பார்த்தாள்.

புதுக் கொப்புளம்.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் சாத்தவில்லை.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"டேய்... உள்ளே யாரோ இருக்காங்க."

"மெதுவாப் பேசுக்கா," தம்பி கிசுகிசுத்தான். "மாமா தூங்கறாருல்ல?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த நாளில் இந்த வீட்டு வாசலை மிதித்தாலே அவன் முகத்தில் ஒரு பயம் வரும். அதே பயம் இப்போதும் இருந்தது.

"அவர் செத்துட்டாருடா! நீதானே கூட இருந்து எல்லாம் பார்த்தே!"

"ஐயோ, என்ன பேச்சுக்கா இது? காதுல விழுந்தா உன்னை உயிரோட விடுவாரா?"

கோடு நிறைந்தது. 'முடிந்தது' என்றது திரை. அதன் கீழே இன்னொரு பொத்தான்: 'இந்த மாற்றத்தை ரத்து செய்.'

அவள் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள். "இதைத் தட்டு. எதுவும் கேக்காத. உன் கால்ல வேணா விழறேன்."

அக்கா அப்படிக் கெஞ்சி அவன் பார்த்ததே இல்லை. தட்டினான்.

கோடு மறுபடி நகர ஆரம்பித்தது. சிகரெட் வாடை குறைந்தது. மணிக்கட்டு எரிச்சல் தணிந்தது, கொப்புளம் வற்றியது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம்தான். கொஞ்சமே கொஞ்சம்.

பட்டென்று திரை அணைந்தது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றி ஓய்ந்தது.

"சே, கரண்ட் போயிடுச்சு," தம்பி முனகினான்.

எதிர் வீட்டில் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

"கரண்ட் போகல," என்றது படுக்கையறைக்குள்ளிருந்து அந்தக் குரல். "நான்தான் நிறுத்தினேன். அவனை அனுப்பிட்டு உள்ளே வா."