ரேடியோவில் தமிழ்

பயிற்சியில் இதுவரை மொத்தம் நாற்பத்தொரு மணி நேரம் பறந்திருந்தாள் ஷாஹின் பானு. அதில் தனியாகப் பறந்தது, இன்றையதையும் சேர்த்து, ஆறு மணி நேரம். இத்தனை நேரத்தில் ஹெட்போனில் யாரும் அவளிடம் தமிழ் பேசியதில்லை. வானத்தில் ஆங்கிலம்தான். அது விதி.

"என்ன மக்கா, இஞ்சின் நின்னு போச்சாக்கும்?"

ஆண் குரல். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கடை வாசலில் நின்று விசாரிப்பது போல.

நாலாயிரம் அடி உயரத்தில், மே மாத நண்பகலில், அந்தச் சின்னப் பயிற்சி விமானத்தின் இஞ்சின் இரண்டு முறை இருமி அடங்கியிருந்தது. முன்னால் விசிறி காற்றின் தள்ளலில் சும்மா சுற்றியது. கதவு இடுக்கில் காற்று ஊதும் சத்தம். சூடான எண்ணெய் வாடை. இடப்பக்கம் கீழே அவள் ஊர்க் கோயில் கோபுரம். அதை ஒட்டி ரயில் பாதை, வீட்டுக் கூரைகள். அந்தக் கூரைகளில் ஒன்றின் கீழே அவள் வாப்பா அப்துல் ஜப்பார் தறி ஓட்டிக்கொண்டிருப்பார்.

"ஆமா அண்ணாச்சி," என்றாள். தமிழிலேயே.

பயிற்சிப் பள்ளி விடுதியில் எட்டு மாதமாக அவள் மேசையில் யாரும் உட்கார்ந்ததில்லை. மக்கா என்று யாரும் கூப்பிட்டதில்லை.

"பயப்படாத. மூக்கத் தூக்காத. வேகம் அறுபத்தஞ்சுலயே இருக்கட்டும்."

சரியான எண். பாடத்தில் இருப்பதுதான்.

"ரோட்டுல இறங்கட்டுமா? திருவேங்கடம் ரோடு தெரியுது."

"வேண்டாம்ட்டி. டவுன் பஸ் வருது. அவன் ஆளுக்கே பிரேக் போட மாட்டான், ஏரோப்பிளேனுக்கா போடப்போறான்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்திலும்.

"கெழக்க பாரு. கரிசக்காடு. வெதைக்காம கெடக்கு. கரண்டுக் கம்பி கெடையாது. அங்கன வா."

"நீங்க எங்கன இருக்கீங்க அண்ணாச்சி? என்னப் பாக்குதீங்களா?"

"மொதல்ல இறங்கு. பொறவு பேசலாம்."

இறங்கினாள். சக்கரம் மண்கட்டியில் மோதியது. பல் நாக்கைக் கடித்தது. விமானம் குலுங்கிக் குலுங்கி ஓடி, புழுதிக்குள் நின்றது. வாயில் ரத்தம் உப்பாகக் கரித்தது. உயிரோடு இருந்தாள்.

பாடத்தில் சொன்ன வரிசைப்படி பெட்ரோல் குழாயை அடைத்தாள். சாவியைத் திருப்பினாள். பேட்டரி சுவிட்சை அணைத்தாள். ரேடியோவின் எண்கள் மறைந்தன.

புழுதி அடங்கியது. வெயிலில் பாளம் பாளமாக வெடித்த கறுப்பு மண். கை நுழையும் அகலத்துக்கு வெடிப்புகள். யாருமில்லை.

அதுதான் சரியில்லை. இந்தப் பக்கம் ஒரு டிராக்டர் கவிழ்ந்தாலே ஐந்து நிமிடத்தில் ஐம்பது பேர் கூடிவிடுவார்கள். பைக்கில் வருவார்கள். வீடியோ எடுப்பார்கள். ஒரு விமானம் இறங்கியிருக்கிறது. ஒரு நாய்கூட வரவில்லை. காக்கை இல்லை. காற்றும் நின்றிருந்தது.

வருவார்கள். கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து சொல்லியிருப்பார்கள்.

அப்போதுதான் நினைவு வந்தது. நிலையத்துக்கு அவள் சொல்லவே இல்லை. ஆபத்து என்று மூன்று முறை ஆங்கிலத்தில் அறிவிக்க வேண்டும். இடம் சொல்ல வேண்டும். அந்த நேரம் முழுவதும் அவள் அண்ணாச்சியோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் இங்கே இருப்பது யாருக்கும் தெரியாது.

போனை எடுத்தாள். டவர் இல்லை. கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"ஏட்டி, கதவத் தெறக்காத."

கை நின்றது. ஹெட்போன் இன்னும் தலையில் இருந்தது. ரேடியோவுக்கு மின்சாரம் இல்லை. சுவிட்சைத் திரும்பப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது.

"ஏன் அண்ணாச்சி?"

"நீ இன்னும் இறங்கலல்லா."

"இறங்கிட்டேன். சக்கரம் தரையில நிக்கி."

"முள்ளப் பாரு."

உயரமானி. காற்றின் அழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவி. மின்சாரம் வேண்டாம், பொய் சொல்லாது. கடல் மட்டத்திலிருந்து கணக்கு. இந்தத் தரைக்கு நானூற்றைம்பது அடி காட்ட வேண்டும்.

நானூற்று நாற்பத்தாறு.

கண்ணாடியைத் தட்டினாள். முள் நடுங்கியது. நாற்பத்தைந்து.

வெளியே இறக்கையின் நிழல் மண்ணில் கிடந்தது. சற்று முன்பு இறக்கைக்கு ஓர் ஆள் உயரம் கீழே கிடந்த நிழல். இப்போது இடுப்பளவுதான் இடைவெளி.

நாற்பத்து நான்கு.

கதவைத் தள்ளினாள். ஒரு விரல்கடை திறந்தது. எதிலோ முட்டியது. இடுக்கு வழியாகக் கறுப்பு மண் உள்ளே சரிந்து அவள் ஷூ மேல் கொட்டியது. குளிர்ந்த மண். இந்த மே மாதத்தில்.

ஹெட்போனைப் பிடுங்கி வீசினாள்.

"அழாத மக்கா." குரல் அப்படியே இருந்தது. கால்மாட்டிலிருந்து.

ஜன்னலின் அடிவிளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. கோடு உயர்ந்தது. சத்தமே இல்லை. பாதிக் கண்ணாடி. முக்கால். மேலே ஒரு கீற்று வெயில்.

"எங்கன இருக்கீங்க?" கத்தினாள். "சொல்லுங்க அண்ணாச்சி! எங்கன இருக்கீங்க?"

வெயில் போயிற்று.

"ஒனக்கு நேர் கீழ. இன்னும் நானூறு அடி. நானும் தனியாத்தான் கெடக்கேன்."