பழைய தண்ணீர்

புது வீட்டின் கதவை அவர் திறந்ததும் சுண்ணாம்பு வாசம்தான் முகத்தில் அடித்தது. தரைத்தளம், இரண்டே அறைகள், தெருவைப் பார்த்து ஒற்றை ஜன்னல். காலை வெயில் அதன் வழியாக ஒரு பாய் அகலத்துக்குத் தரையில் விழுந்து கிடந்தது. அவர் பின்னாலேயே வந்த அலங்கார மீன்கடைக்காரர் முதல் வேலையாக ஜன்னலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்.

"வெளிச்சம் கூடாது சார். முதல் நாள் பள்ளிக்கூடம் போன பிள்ளை மாதிரிதான் இதுங்களும். ஒரு நாள் இருட்டுல விட்டாத்தான் மிரட்சி தெளியும்."

நான்கு சின்னத் தொட்டிகளைச் சுவரோரப் பெஞ்சின்மேல் வரிசைப்படுத்தி, தண்ணீர் நிரப்பி, மீன்களை விட்டு, மேலே துணி போர்த்தியாயிற்று. பெரிய தொட்டி மட்டும் காலியாக நின்றது. அதில் இருக்கவேண்டியவன் மூடி போட்ட வாளியில் காத்திருந்தான். வாளிக்குப் பக்கத்தில் நீல நிற டிரம். உள்ளே பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய தண்ணீர். அது கொஞ்சமாவது கூட வராவிட்டால் மீன் தாங்காது.

தொட்டிகள் எல்லாம் அவர் மனைவியுடையவை. அவள் போய் ஏழு மாதம். ஏன் வீடு மாறுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் அவர் மூன்று மாடி, முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருந்தார்.

"புது மாப்பிள்ளை இருக்கிற வாளியைப் பார்த்துத் தூக்குங்க" என்றார் மீன்கடைக்காரர்.

சாமான் எடுத்துவைக்க வந்திருந்த கொழுந்தியாள், மனைவியின் தங்கை, சிரித்துவிட்டாள். "புது மாப்பிள்ளையா? பத்து வருசமா எங்க அக்கா ஊட்டி வளர்த்த பழைய மாப்பிள்ளைங்க அது!"

மீன்கடைக்காரர் அவரைப் பார்த்தார். அவர் எதையும் பார்க்காமல், ஏற்கெனவே அவிழ்ந்திருந்த ஒரு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"புது வீட்டுக்கு வந்தா எல்லாரும் புதுசுதானேக்கா" என்று மீன்கடைக்காரர் சமாளித்தார்.

இந்த ஆள் இன்னும் கால்மணி நேரம் இருந்தால் உளறிவிடுவார். நீளமான ஒயர் ஒன்று வேண்டும் என்று சொல்லி மீன்கடைக்காரரைக் கடைக்கு அனுப்பிவைத்தார் அவர்.

முழங்கை நீளம், கறுப்பு உடம்பு, அதில் தணல் தணலாக ஆரஞ்சு. ஆஸ்கர் என்பார்கள் அந்த மீனை. உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு கேட்கும். தொட்டியில் ஒரு கல்லை நகர்த்தினால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலைக்குப் போய்விடும். மாப்பிள்ளை முறுக்கு என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. "பொண்ணே பெறாம மாப்பிள்ளை எடுத்தவ நான் ஒருத்திதான்" என்பாள் மனைவி. அவள் விரலைத் தண்ணீரில் விட்டால் வந்து கவ்விச் சப்பும். வேறு யாரிடமும் போகாது.

அவள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, திரும்பி வரும்போது வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று ஆசைப்பட்டார். பெரிய தொட்டியின் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, ஃபில்டரின் பஞ்சைக் குழாயடியில் சோப்புப் போட்டு வெள்ளையாகும்வரை கசக்கினார். அந்த அழுக்கில்தான் மீனின் உயிர் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் மாப்பிள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தான்.

பழைய துண்டில் சுற்றி, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அன்று மாலையே இதே மீன்கடைக்காரரிடம் அதே அளவில், அதே சாயலில் இன்னொன்றை வாங்கித் தொட்டியில் விட்டார். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "இங்க வாடா" என்று திரையைப் பார்த்துக் கூப்பிட்டாள். மறுநாள் அவர் வீட்டிலிருந்து வீடியோ கால் செய்தபோது, தொட்டிமுன் போனைப் பிடிக்கச் சொல்லி மீனைக் கூப்பிட்டாள். அது திரும்பவில்லை.

"என்னை மறந்துட்டான் போல" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. அதிலிருந்து எட்டாம் நாள் அவள் போய்விட்டாள்.

டொப்.

கொழுந்தியாள் நிமிர்ந்தாள். "அத்தான், டிரம்லயும் மீனா?"

"இல்ல. வெறும் தண்ணி."

டொப். இந்த முறை டிரம்மின் மூடி துள்ளி விழுந்தது.

ஈரத் துணியைப் பல நாள் சுருட்டி வைத்த வாடை. அதற்கடியில் இன்னொரு வாடை. அவருக்கு அது எந்தக் குப்பைத் தொட்டியின் வாடை என்று தெரியும்.

அவள் குனிந்து, இருட்டான தண்ணீருக்குள் கையை விட்டாள். உடனே குழந்தை மாதிரிச் சிரித்தாள்.

"அடப்பாவி, விரலைச் சப்பறான்! அத்தான், மாப்பிள்ளை இங்க இருக்கான். அக்கான்னு நினைச்சுட்டான் என்னை!"

"கையை எடு."

"ஏன்?"

"எடு."

அவர் குரலில் என்னவோ இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் வாளியின் மூடியைத் திறந்து பிடித்திருந்தார்.

உள்ளே ஆஸ்கர் இருந்தது. வாளி நிறைய, அசையாமல்.

"அப்ப இது யாரு?" என்றாள். அது கேள்வியாக வரவில்லை, மூச்சாகத்தான் வந்தது. விரல்களை உருவிக்கொண்டாள். அவை வெகுநேரம் நீரில் ஊறினவைபோல வெளிறிச் சுருங்கியிருந்தன.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பஞ்சைக் கசக்கியது, துண்டில் சுற்றியது, வீடியோ எடுத்தது எல்லாவற்றையும் சொன்னார். வரிசையாக வரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது.

அவள் அழவில்லை.

"கடைசி வாரம் பூரா அக்கா என்கிட்ட ஒண்ணுதான் கேட்டுட்டு இருந்தா. 'நான் அவனுக்கு என்னடி குறை வெச்சேன்?'னு. நானும் சேர்ந்து அந்த மீனைத் திட்டினேன் அத்தான். நன்றி கெட்டதுன்னு திட்டினேன்."

"பயமா இருந்துச்சு" என்றார். "அவ மனசு உடைஞ்சுடுமோன்னு..."

"உடையாமலா போனா?"

அவர் தலை தொங்கியது.

அவள் டிரம்மைச் சாய்த்தாள். தண்ணீர் தரையெல்லாம் பரவி, வாசல் பக்கம் ஓடியது. கடைசிச் சொட்டுவரை தண்ணீர்தான். உள்ளே எதுவும் இல்லை.

அப்போது, துணி போர்த்திய தொட்டிகளுக்குள்ளிருந்து சலசலப்பு எழுந்தது. ஒன்றல்ல, நான்கிலும். அவள் போய்த் துணிகளை ஒவ்வொன்றாக இழுத்தாள்.

வாசலோரத் தொட்டியில் இருந்த அத்தனை மீனும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் குவிந்திருந்தன. சாப்பாடு போடும் ஆள் எதிரே நின்றால் குவியுமே, அப்படி.

எதிரே யாரும் இல்லை.

குவியல் மெதுவாக நகர்ந்து, தொட்டியில் அவர் பக்கமிருந்த ஓரத்துக்கு வந்தது. அது கலைந்ததும் இரண்டாம் தொட்டி குவிந்தது. நகர்ந்தது. கலைந்தது. பிறகு மூன்றாவது.

"அத்தான்" என்றாள் கொழுந்தியாள், சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு. "அக்கா உங்ககிட்டத்தான் வர்றா."

நான்காவது தொட்டி அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர்மேலே இருந்தது. மீன்கள் அங்கே வந்து குவிந்து, அப்படியே நின்றன.

அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை.