உப்புக் கிடங்கில் நம்பியவர்கள்

நம்பிக்கைமானியின் வளையம் பேராசிரியர் நல்லசிவத்தின் நெற்றியில் இறுகியபோது, நீதிமன்ற முன்வரிசையில் இருந்த செண்பகவல்லி பெஞ்சின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு மாதமாக அவள் காத்திருந்தது இந்த ஓர் எண்ணுக்காக. ஐம்பதுக்குக் கீழே வந்தால் அந்த மனிதர் சிறைக்குப் போவார். மேலே வந்தால் வீட்டுக்குப் போவார். அவள் புருஷன் சுடலைராஜன் வீட்டுக்கு வரப்போவதில்லை.

மானி வந்து பதினோரு வருஷம்தான் ஆகிறது. ஒருவர் தம் பழைய பேச்சை நினைத்துப் பார்க்கும்போது மூளையில் விழுந்திருக்கும் தடத்தைப் படித்து, அன்று அதை நூற்றுக்கு எவ்வளவு நம்பிச் சொன்னார் என்று அது சொல்லிவிடும். அதற்குள் ஊரையே புரட்டிப் போட்டுவிட்டது. சந்தையில் 'தேனா இனிக்கும்' என்று தொண்டை கிழியக் கத்தும் மாம்பழக்காரர்கள், வாங்க வந்தவர் பையில் மானி தெரிந்தால் 'ஏதோ இனிக்கும்' என்று இறங்கி வருகிறார்கள். கல்யாணப் பேச்சில் 'பையன் தங்கம்' என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. இதெல்லாம் நாட்டுக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதைச் சொல்லும்போது யாரும் வளையம் மாட்டிக்கொள்வதில்லை.

உலகம் அழியும் என்று சொல்லி, அது அழியாமல் போய், நடுவில் மனிதர்கள் அழிந்தால் யார் பொறுப்பு? அதற்கும் மானியை வைத்தே சட்டம் செய்தார்கள். உண்மையாக நம்பிச் சொன்னவர் பிழை செய்தவர், அவரை விட்டுவிடலாம். ஐம்பதுக்குக் குறைவாக நம்பிக்கொண்டே சொன்னவர் குற்றவாளி.

நல்லசிவம் சூரியனைப் படித்தவர். ஆடி பதினெட்டு அன்று சூரியனிலிருந்து கிளம்பும் வீச்சு பூமியின் காற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் தூத்துக்குடிக்கு வெளியே கைவிடப்பட்ட உப்புக் கிடங்கு ஒன்றில் அவரோடு ஒன்பது நாள் தங்கினார்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். நாளைக்குத் தேவைப்படும் ஏதாவது ஒன்றை உப்புத்தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, 'நாளை எனக்கு வேண்டாம்' என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். வீட்டுச் சாவி, கண்ணாடி, காது கேட்கும் கருவி, மாத்திரை டப்பா எல்லாம் தொட்டிக்குள் போயின. சுடலைராஜன் முதல் நாளே தன் இன்சுலின் ஒட்டுகளைப் போட்டான். தினம் ஒன்று புஜத்தில் ஒட்டிக்கொள்ளாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற உடம்பு அவனுக்கு. எட்டாம் நாள் விடியும்போது செத்துப்போனான். ஆடி பதினெட்டு அதற்கு மறுநாள் வந்தது. நல்ல வெயில்.

கிடங்கின் கதவை ஒருநாளும் யாரும் பூட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"முதல் நாள் அறிவிப்பை நினைச்சுக்கோங்க, சார்" என்றாள் மானியை இயக்கும் பெண். பிறகு திரையைப் பார்த்துச் சொன்னாள்: "எழுபத்தொண்ணு."

செண்பகவல்லி பாதி எழுந்து திரையை எட்டிப் பார்த்தாள். பாவி மனுஷன் நம்பித்தான் சொல்லியிருக்கிறார்!

அரசு வக்கீல் விடவில்லை. "ஏழாம் நாள் மத்தியானம். இந்த அம்மா உங்ககிட்ட வந்து, 'எங்க வீட்டுக்காரரு வாந்தியா எடுக்காவ, மூச்சு வாங்குது'ன்னு சொன்னாங்க. நீங்க, 'ரெண்டே நாள், பொறுத்துக்கோங்க'ன்னு சொன்னீங்க. அதை நினைங்க."

மானிக்காரப் பெண் ஒரு தடவைக்கு இரண்டு தடவை திரையைப் பார்த்தாள். "இருபத்திரெண்டு."

மண்டபம் ஆவேசமாக இரைந்தது. கிடங்கில் தங்கியிருந்தவர்கள் அத்தனை பேரும் அங்கே சாட்சியாக வந்திருந்தார்கள். "கொலைகாரன்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். செண்பகவல்லி வாய்விட்டு அழுதாள். பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அவளுக்கு நிம்மதியான அழுகை வந்தது.

நீதிபதி அம்மாள் அதட்டி அமைதியாக்கினார். "கணக்குத் தப்புன்னு தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லலை?"

நல்லசிவம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேசினார். "அஞ்சாம் நாளே சந்தேகம் வந்துட்டுதும்மா. ஆனா தினம் சாயங்காலம் இவங்க முகத்தைப் பார்ப்பேன். முந்நூறு பேரும் அவ்வளவு உறுதியா நின்னாங்க. நான் ஒருத்தன்தான் தடுமாறுதேன், தப்பு எங்கிட்டதான்னு நினைச்சேன்."

அவருடைய வக்கீல் கோமதிநாயகம் அப்போதுதான் எழுந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். "சட்டத்துல தீர்க்கதரிசின்னு ஒரு சொல் கிடையாதும்மா. 'நம்பாமல் சொன்ன எவரும்'னுதான் இருக்கு. 'நாளை எனக்கு வேண்டாம்'னு தினம் சொன்னவங்க முந்நூத்திச் சொச்சம் பேர். ஒருத்தர் சொன்னதைக் கேட்டு இன்னொருத்தர் சொல்லியிருக்காங்க. அவங்களையும் அளந்திரலாமே?"

மறுக்க வழியில்லை. மூன்று நாள் அளந்தார்கள். முப்பத்தெட்டு, பத்தொன்பது, நாற்பத்து நான்கு, பதினொன்று என்று எண்கள் வந்துகொண்டே இருந்தன. ஐம்பதை ஒருவர்கூடத் தொடவில்லை. பக்கத்தில் நின்றவர் நம்புகிறார், முன்னால் நின்றவர் நம்புகிறார், நாம் மட்டும் எப்படி விலகி நிற்பது என்றே ஒவ்வொருவரும் தொட்டியில் போட்டிருக்கிறார்கள். முதல் நாள் அந்தக் கிடங்கில் நம்பியவர் பேராசிரியர் ஒருவர்தான். ஏழாம் நாள் அவரும் நம்பவில்லை. அன்றைக்கு அங்கே நம்பிக்கைக்காரர் என்று ஓர் ஆள் இல்லை. ஆனாலும் வரிசை குலையவில்லை.

அளவெடுப்பின் மூன்றாம் நாள் கடைசியில் ஆவுடையப்பன் வளையத்தை மாட்டிக்கொண்டார். கிடங்கில் சுடலைராஜனுக்குப் பக்கத்துப் பாய் அவருடையது. பதினேழு வந்தது. இறங்கிப் போகாமல் நின்றார்.

"ஒரு விசயம் சொல்லணும், தாயி" என்றார் நீதிபதியிடம். பிறகு செண்பகவல்லி பக்கம் திரும்பினார். "மன்னிச்சிரு தங்கச்சி. சுடல இத நம்பல. எங்கிட்ட சொல்லியிருக்கான். 'செண்பகம் பயந்துபோயி இருக்கா அண்ணாச்சி, அவளுக்குத் துணையாத்தான் வந்தேன்'னான். மொத நாளு பேருக்கு நாலு ஒட்டத்தான் தொட்டியில போட்டான். மீதிய மாத்திக் கட்டுற சாரத்துக்குள்ள சுருட்டி வச்சிருந்தான். நாலு நாளு யாருக்கும் தெரியாம ஒட்டிக்கிட்டான்."

செண்பகவல்லி ஆவுடையப்பன் பக்கம் திரும்பினாள். அவளா பயந்தாள்? 'ஒரு எட்டு போய்ப் பாப்பமா செண்பகம்?' என்று கேட்டவர் அவர். அவர்தான் பயப்படுகிறார் என்று நினைத்து, தனியாக விடக்கூடாதென்று இவள் 'போவோம்' என்றாள்.

"அஞ்சாம் நாளு அந்த ஒட்டக் காணோம்" என்றார் ஆவுடையப்பன். "'தங்கச்சிகிட்ட கேளேம்ல, இல்லன்னா ஆஸ்பத்திரிக்காவது போ'ன்னேன். 'எல்லாருக்கும் முன்னால அவள விட்டுக்குடுக்க முடியுமா? இன்னும் நாலு நாளுதான, தாங்கிருவேன்'னுட்டான். நானும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

மீதமிருந்தது செண்பகவல்லி மட்டும்.

அவள் தானாக எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். வளையம் குளிர்ச்சியாக இருந்தது. எந்த நிமிஷத்தை நினைப்பது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் நாள் துணி மடிக்கும்போது சாரத்துக்குள்ளிருந்து ஐந்து ஒட்டுகள் விழுந்தன. மறந்துபோய் வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். எதிர்ப் பாயில் இருந்த இரண்டு பெண்கள் பார்த்துவிட்டார்கள். இவர்களுக்கு உறுதியில்லை என்று பேசுவார்களே, அவருக்குத் தலைகுனிவாகுமே என்று பதறி, அன்று சாயங்காலம் வரிசையில் தன் பொருளாக அதையே கொண்டுபோய்ப் போட்டாள். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்காகத்தான் குரலை உயர்த்திச் சொன்னாள்: 'நாளை எனக்கு வேண்டாம்.'

மானிக்காரப் பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நீதிபதி கேட்ட பிறகே சொன்னாள்.

"ஆறு."

இத்தனை பேரில் அதுதான் மிகக் குறைந்த எண்.

கோமதிநாயகம் அவளைப் பார்க்காமல் பேசினார். "இந்த வழக்கு ஒரே ஒரு புகார் மேல நிக்கிதும்மா. புகாரை வாபஸ் வாங்கினா அத்தனை பேரும் வீட்டுக்குப் போகலாம். வாங்கலைன்னா பேராசிரியரோட சேர்த்து எல்லார் பேரும் குற்றவாளிப் பட்டியல்ல ஏறும். குறைஞ்ச எண் உள்ளவங்க பேருதான் முதல்ல."

பதினான்கு மாதமாக அவளோடு சேர்ந்து அழுத சனங்கள் இப்போது கெஞ்சத் தொடங்கினார்கள். "விட்ரு தாயி." "செத்தவரு திரும்பியா வரப்போறாரு?" "எங்க பிள்ளைகள நினைச்சுப் பாரு." அன்று கொலைகாரன் என்று கத்தியவர்தான் எல்லாரையும்விட உரக்கக் கெஞ்சினார்.

"என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டார் நீதிபதி அம்மாள்.

செண்பகவல்லி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாபஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராத்திரிக்குள் ஊரே அவளை மன்னித்துவிடும். ஆனால் அப்புறம் அவர் யாராலும் சாகவில்லை என்றாகிவிடும். அதை அவளால் தாங்க முடியாது.

"அவிய செத்தது பொய்யில்லலா? வாபஸ் வாங்க மாட்டேன்" என்றாள். "எழுதிக்கிடுங்க. செண்பகவல்லி, சுடலைராஜன் சம்சாரம். அவியளுக்கு வேண்டிய மருந்த நாந்தான் தொட்டியில போட்டேன். நம்பாமத்தான் போட்டேன்."

நீதிபதி எழுதிக்கொண்டார். பிறகு மண்டபத்தை நிமிர்ந்து பார்த்தார். "வேற யாராவது, நாங்க அளந்தது இருக்கட்டும், தன் வாயால ஒத்துக்கிறவங்க உண்டா?"

யாரும் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.