அயோடின் எங்கே போனது?

என் தங்கை வாண்டு இப்போது எங்களோடு இல்லை. அவளை நினைத்தால் பள்ளி ஆய்வகம்தான் முதலில் ஞாபகம் வரும்.

மறுநாள் அறிவியல் கண்காட்சி. அமில-காரத் தன்மை (பி.எச்.) மாறினால் நொதி எப்படி வேலை செய்யும் என்று அவளும், எல்லோரும் ஆமை என்று கூப்பிடும் பையனும் காட்ட வேண்டும். அன்று ஒத்திகை. அவளைக் கூட்டிப்போக வந்த நான் வாசலில் நின்றேன்.

நம் எச்சிலில் ஒரு நொதி உண்டு. அது மாவுச்சத்தை உடைத்துவிடும். உடையாமல் மிஞ்சியிருந்தால், அயோடின் விட்டதும் நீலமாகும். மூன்று சோதனைக் குழாய்களில் மாவு கரைத்த நீர். ஒன்றில் வினிகர், ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் சலவைச் சோடா. மூன்றிலும் விட்ட எச்சில், ஆமையின் உபயம். வாய் வறண்டுவிட்டது என்றவனை எலுமிச்சையை நினைத்துக்கொள்ளச் சொன்னாள் வாண்டு.

அமிலத்திலும் காரத்திலும் நொதி படுத்துவிடும், இரண்டும் நீலமாகும் என்பது பாடம். சிறிது நேரம் வைத்திருந்து அயோடின் விட்டார்கள். வினிகர்க் குழாய் நீலமானது. சோடாக் குழாய் ஆகவில்லை.

“ஆமை குழாயை மாத்தி வெச்சிருப்பான்” என்று பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நாளைக்கு அவன் எதையும் தொடாமல் ஓரமாக நின்றால் போதும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஆமை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“அவன் மாத்தல டீச்சர். நான் பாத்துட்டேதான் இருந்தேன்” என்றாள் வாண்டு.

“அப்புறம் ஏம்மா நீலமாகல?”

நேரமாகிறது என்று நான் கூப்பிட்டேன். “இரு அக்கா” என்றாள், திரும்பாமலே. அவளுடையது உடும்புப்பிடி.

குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர்க் குழாயில் அயோடினின் மஞ்சளாவது இருந்தது. சோடாக் குழாயில் அதுகூட இல்லை.

“டேய், இதுல அயோடினையே காணோம். எச்சில் போடாம ஒண்ணு செஞ்சு பாப்போம்.”

புதிய குழாயில் மாவுநீர், சோடா, அயோடின். அதிலும் நீலம் வரவில்லை. அப்படியானால் அயோடினை விழுங்கியது சோடா. நொதிக்கும் அதில் சம்பந்தமில்லை, ஆமைக்கும் இல்லை.

டீச்சர் குனிந்து பார்த்தார். காரத்தை வினிகரால் அடக்கினால் அயோடின் திரும்பி வரும், எச்சில் விட்ட பழைய சோடாக் குழாயில் நீலம் வரவேண்டும் என்றாள் வாண்டு. டீச்சர் டிராப்பரை நீட்டினார். அவள் அதை வாங்கி ஆமையிடம் கொடுத்தாள்.

அவன் அதில் வினிகரை எடுத்தான். சொட்டுச் சொட்டாக விட்டான். குழாய் நுரைத்துப் பொங்கியது. நுரை அடங்கியபோது உள்ளே நல்ல நீலம்.

பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்துவந்து எட்டிப் பார்த்தார்கள். நாளைக்கு இதையும் சேர்த்துச் செய்து காட்டச் சொன்னார் டீச்சர், இரண்டு பேரையும்.

ஆமை டிராப்பரைக் கீழே வைக்கவில்லை.

“டீச்சர், இன்னொரு குழாய் போட்டுக்கட்டுமா?” என்றான்.