ஏழாவது பீடத்துக் குழந்தை

ஹெட்போனுக்குள் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். வலது கால் ஒழுங்காகப் பதிய, இடது கால் மட்டும் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும் அந்த நடை அவருக்கு நன்றாகத் தெரியும்; அவருடைய மகளின் நடை. வந்துவிட்டாளா என்று ஹெட்போனைக் கழற்றித் திரும்பினார். கதவு சாத்தியிருந்தது, ஜன்னலுக்கு வெளியே மழைக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சம், சமையலறையில் குழாய் சொட்டும் சத்தம், வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது. மறுபடி மாட்டிக்கொண்டார். சத்தம் கம்ப்யூட்டர் கேமுக்குள்ளிருந்துதான் வந்தது, ஏழாவது பீடம் இருக்கும் மண்டபத்திலிருந்து.

அந்த கேமில் வரும் சாமிகளுக்கு அர்த்தம் சொல்வதுதான் மனிதருக்குப் பிழைப்பு. இடிந்துபோன ஒரு ராஜ்யம், நடுவில் ஒரு கோயில், அதில் ஆறு சிலைகள். உப்புக்கு ஒரு சாமி, பாலங்களுக்கு ஒரு சாமி, எரிந்துபோனவற்றுக்கு ஒரு சாமி, இப்படி. கேமைச் செய்த புண்ணியவான்கள் எதையும் முழுசாகச் சொல்லமாட்டார்கள். ஒரு வாளின் மேல் அரை வரி, ஒரு சுவரில் பாதி அழிந்த படம், அவ்வளவுதான். மிச்சத்தை இவர் ஊகித்து வீடியோவில் சொல்ல, உலகம் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். 'பௌராணிகர்' என்று பட்டமே கொடுத்திருந்தார்கள்.

ஏழாவது பீடம்தான் அவரைப் படுத்தி எடுத்தது. காலிப் பீடம். தூசியில் ஒரு சின்னப் பாதச் சுவடு, அதை விட்டால் துரும்பளவு ஆதாரம் கிடையாது. பார்ப்பவர்களோ நச்சரித்தார்கள். பாதம் சின்னது, ஆகவே குழந்தை என்று பிடித்துக்கொண்டார். விளையாடப் போய் வழி மறந்த குழந்தைச் சாமி. அடையாளம் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடும் என்றார். அடையாளத்துக்கு எங்கே போவது? கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டார். இடது செருப்பை இழுத்து நடக்கும். கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வரும். பக்கத்தில் வந்தால் பென்சில் சீவிய வாசனை அடிக்கும். பொய் சொன்னால் மூக்கைச் சொறியும். வீட்டில் மகளைக் கூப்பிடும் 'வாலு' என்ற செல்லப் பேரைக்கூட விட்டுவைக்கவில்லை. பெற்ற பாசத்தோடு சொன்னதாலோ என்னவோ, கேட்டவர்கள் உருகிப்போனார்கள். எங்கெங்கோ இருந்தெல்லாம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இப்போது அந்தப் பீடத்தில் ஒரு கல் குழந்தை நின்றிருந்தது. தலையை ஒருபக்கம் சாய்த்து, இடது குதிகாலைச் செருப்புக்கு வெளியே விட்டுக்கொண்டு. மகள் தலையைச் சாய்ப்பது அப்படித்தான்; ஆனால் அதைப் பற்றி அவர் வீடியோவில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேம் கம்பெனியில் விசாரித்தார். அங்கே நாங்கள் எதையும் வைக்கவில்லையே என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்ததே தெரியவில்லை. கதவுக்கு வெளியே சும்மா நின்றிருந்தாள், உள்ளே வா என்று சொல்லும்வரை. இரண்டு காலும் ஒரே மாதிரி பதிந்தன. வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றாள், பச்சைப் பொய், கை மட்டும் மூக்குப் பக்கம் போகவில்லை. சமையலறைக்குப் போய் மனைவியிடம், வாலு ஏன் ஒரு மாதிரியாக இருக்கிறாள் என்று கேட்டார்.

"வாலுவா? அது யாருங்க?" என்றாள் மனைவி. கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். "நம்ம பொண்ணைச் சொல்றீங்களா? அவ எப்பவும் இப்படித்தானே, சத்தமே இல்லாம."

அவர் உடனே உட்கார்ந்து இன்னொரு வீடியோ போட்டார். அந்தச் சாமி என் கற்பனை, அது என் பெண், தயவுசெய்து கூப்பிடாதீர்கள் என்று கெஞ்சினார். கேட்டவர்களுக்குக் கண்ணீர் முட்டியது. சாமி இவர் வீட்டில்தான் பிறந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, முன்னைவிடப் பலமாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பழைய வீடியோவை அழித்தார். அதற்குள் அது ஆயிரம் கைக்குப் போயிருந்தது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. அறை இருண்டது. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்றிருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார். அணைத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. கூடத்தில். தரையைத் தேய்த்துக்கொண்டு. மெதுவாக.

கதவில் இரண்டு தட்டு.

ஒரு கணம் மனசு துள்ளியது, என் தங்கம் வந்துவிட்டது என்று. அப்புறம்தான் தான் யார் கையைப் பிடித்திருக்கிறோம் என்பது உறைத்தது. கதவு திறந்தது. பென்சில் சீவிய வாசனை. அவர் திரும்பவில்லை. திரும்பக் கூடாது.

"அப்பா," என்றாள் பக்கத்தில் இருந்தவள். "நான் எப்படி இருப்பேன்? சொல்லுங்க."

சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஊருக்கெல்லாம் அர்த்தம் சொன்ன வாய். நடையா? போய்விட்டது. வாசனையா? அதுவும். பேர்? நாக்கில் வரவில்லை. அவள் பிறந்த நாளன்று கையில் வாங்கியது ஞாபகம் வந்தது. துணிக்குள் யாரும் இல்லை. முகத்தைப் பார்த்தாவது சொல்லலாம் என்று குனிந்தார்.

மூக்கு இருந்த இடம் மழுங்கிக்கொண்டிருந்தது. உதடு ஒரு கோடு. பிறகு கோடும் இல்லை.

பின்னாலிருந்து ஒரு சின்னக் கை அவருடைய இன்னொரு கையைப் பிடித்தது. சூடான கை. பழகிய கை. எழுந்து வா என்று இழுத்தது. அவர் விரல்கள் தாமாகவே மகளை விட்டன. ஐயோ, விட்டுவிட்டன.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒன்றுமே இல்லாத அந்த முகத்தை அவர் பக்கம் நிமிர்த்திக்கொண்டு, அவர் சொல்லப்போவதைக் கேட்பதற்காக.