மூச்சு விடக் கூடாது

அப்பா அவளை "மேஸ்திரி" என்றுதான் கூப்பிடுவார். அவளுக்குப் பத்து வயதுதான். ஆனால் பல் தேய்த்தாச்சா, செருப்பை ஓரமாக விட்டாச்சா என்று வீட்டில் எல்லாரையும் அதட்டி வேலை வாங்குவாள். அதனால் வந்த பட்டம் அது.

ஒரு மாதமாக மேஸ்திரிக்கு ஒரு புது வேலை. காலையில் எழுந்ததும் அப்பாவின் கட்டில் பக்கத்தில் இருக்கும் பெட்டியைப் பார்ப்பாள். அது காற்று ஊதும் பெட்டி. அதிலிருந்து ஒரு குழாய் வரும். குழாயின் முனையில் ஒரு மாஸ்க். அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அப்படி நிற்காமல் இருக்க, தூங்கும்போதெல்லாம் அந்த மாஸ்க் வழியாகக் காற்று போக வேண்டும்.

பெட்டியின் சின்னத் திரையில் மூன்று எண்கள் தெரியும். எத்தனை மணி நேரம் மாஸ்க் போட்டிருந்தார், மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது, எவ்வளவு காற்று வெளியே கசிந்தது. அந்தப் பெட்டி அரதப் பழசு. முந்தின நாள் கணக்கை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மறந்துவிடும். அதனால் டாக்டரம்மா நோட்டில் எழுதி வரச் சொல்லியிருந்தார்.

"நடு எண் அஞ்சுக்குக் கீழே வரணும். வந்தா கையெழுத்துப் போடறேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அந்தக் கையெழுத்து இல்லாமல் அப்பா கிரேனில் ஏற முடியாது. பன்னிரண்டு மாடி உயரத்தில் உட்கார்ந்து கம்பிக் கட்டுகளைத் தூக்கி வைக்கிறவர் அவர். ஒரு மத்தியானம் மேலேயே கண் அசந்துவிட்டார். கம்பிக் கட்டு அந்தரத்தில் ஆடிக்கொண்டு நின்றது. கீழே இருந்தவர்கள் போட்ட கூச்சலில்தான் விழித்தார். அன்றைக்கே அவரை இறக்கிவிட்டார்கள்.

முதல் வாரம் நடு எண் நன்றாகவே இறங்கியது. பதினாலு, பதினொன்று, ஒன்பது. பிறகு என்ன வந்ததோ, ஏற ஆரம்பித்தது. பதினாறு, இருபத்திரண்டு, முப்பது.

மேஸ்திரி குழாயை நேராக்கிப் பார்த்தாள். மாஸ்க்கின் வாரை இறுக்கிப் பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை.

வீடு களையிழந்து போனது. அப்பா தலை சீவுவதில்லை, சிரிப்பதில்லை. ஜன்னல் வழியாகத் தூரத்தில் தெரியும் கிரேனின் நுனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "என் இடத்துக்கு வந்தவனுக்கு அதைத் திருப்பவே தெரியலை" என்று முணுமுணுப்பார். அப்புறம் அந்த முணுமுணுப்பும் நின்றுவிட்டது.

ஒரு நாள் காலையில் அப்பா கேட்டார். "மேஸ்திரி, இன்னிக்கு எவ்வளவு?"

"முப்பத்திரண்டுப்பா."

"நாலுன்னு எழுது."

"அது பொய்யாச்சேப்பா!"

"எழுதும்மா. என்னால இப்படியே உட்கார்ந்திருக்க முடியலை." அப்பாவின் குரல் உடைந்தது. அவள் அப்படி ஒரு குரலைக் கேட்டதே இல்லை.

நாலு என்று எழுதினாள். அந்த நாலு ஒரு கால் உடைந்த நாற்காலி மாதிரி விழுந்தது.

"இதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. அம்மாகிட்டகூட" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு பத்து நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லவும் முடியாது, மெல்லவும் முடியாது. பள்ளிக்கூடத்தில் பலகையில் நாலு என்று எழுதினாலே அழுகை வந்தது.

டாக்டரம்மாவைப் பார்க்கப் போகும் நாள் வந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து சட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை உள்ளே போனது. இன்னொரு கை போகவில்லை. மேஸ்திரி எட்டிப் பார்த்தாள். பாதிச் சட்டையோடு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.



ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "அட, முப்பது வரைக்கும் ஏறினது நாலு, மூணு, நாலுன்னு இறங்கிடுச்சே! பிரமாதம்!" பேனாவைத் திறந்தார். அப்பா சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! மேஸ்திரி அந்தப் பேனாவையே பார்த்தாள்.

"டாக்டரம்மா, நான் மூச்சு விடலாமா?"

"தாராளமா விடும்மா. யார் வேண்டாம்னா?"

"அப்பாதான்."

அவ்வளவுதான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "கிரேனுக்குக் கீழே ஆளுங்க இருப்பாங்களேப்பா!" என்று விம்மினாள்.

அப்பா தரையைப் பார்த்தார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். 

"இந்த மூணாவது எண்ணும் பொய்தானா?"

"இல்லை. அதை யாரும் மாத்தச் சொல்லலை. உள்ளதை உள்ளபடிதான் எழுதினேன்."

டாக்டரம்மாவின் விரல் அந்த வரிசையில் மெல்ல இறங்கியது. ஆறு, எட்டு, பத்தொன்பது, முப்பத்தைந்து, ஐம்பது. "கசிவு நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போகுதே! மாஸ்க் கிழிஞ்சிருக்கா?"

"இல்லையே. நான் தினமும் பார்க்கிறேனே."

மேஸ்திரி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். முதல் நாள் இதே அறையில்தான் டாக்டரம்மா அப்பா முகத்தில் மாஸ்க்கை வைத்துக் காட்டினார். வழுவழுவென்ற கன்னத்தில் அது பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. இப்போது அந்தக் கன்னத்தையே காணோம்.

"தாடி!" என்று கத்தினாள்.

அப்பா தாடியைத் தடவினார். "வேலையே இல்லை, யாருக்காக ஷேவ் பண்ணணும்னு விட்டுட்டேன்."

"காத்தெல்லாம் தாடி வழியா வெளியே போயிருக்கு" என்றார் டாக்டரம்மா. "இன்னிக்குக் கையெழுத்துக் கிடையாது. முதல்லேருந்து முப்பது நாள் எழுதிட்டு வாங்க."

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். இனிமேல் தன்னை மேஸ்திரி என்று கூப்பிடவே மாட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராகக் குளியலறைக்குப் போனார். தாடி இல்லாமல் வெளியே வந்தார். "யாருங்க நீங்க? வீடு மாறி வந்துட்டீங்களா?" என்றாள் அம்மா. யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

மறுநாள் காலையில் மேஸ்திரி பெட்டிப் பக்கமே போகவில்லை.

"என்ன மேஸ்திரி, வேலைக்கு வரலையா?" அப்பாவின் குரல்.

ஓடினாள். திரையைப் பார்த்தாள். கசிவு ஏழு. நடு எண்?

"பதிமூணுப்பா" என்றாள் மெதுவாக. ஐந்து இன்னும் எங்கேயோ தூரத்தில் இருந்தது.

"பதிமூணுன்னே எழுது."

எழுதினாள். எண் நேராக நின்றது.

"இதை வெளியில சொல்லலாமாப்பா?"

அப்பா அவள் தலையில் கை வைத்தார். "நீ நல்லா மூச்சு விடு மேஸ்திரி. நானும் விடறேன்."