பானையில் சேராத எலும்பு

சீப்பின் பற்கள் ஓரிடத்தில் சற்றே உள்ளே இறங்கின. தேவன் மறுபடி வாரினான். இடப்பக்க உச்சியில் அதே இடத்தில் மறுபடி இறங்கின. குருபோங் தாமான் குடியிருப்பு முழுக்க மத்தியான மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு முறை தலைக்குக் குளித்தும் சுடுகாட்டுப் புகையும் புளித்த பாலும் கலந்த வாடை முடியைவிட்டுப் போகவில்லை.

அன்று காலைதான் சிம்பாங் அம்பாட் பக்கத்து எஸ்டேட் சுடுகாட்டில் அவன் அப்பா வீரமுத்துவின் எலும்பைப் பொறுக்கினார்கள். காலில் தொடங்கித் தலைவரை பொறுக்கிப் பானையில் போட வேண்டும். தேவன் டியூஷன் சென்டரில் பயோலஜி வாத்தியார். மொட்டை போட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, கையெழுத்துகூடப் போடத் தெரியாத மனுஷனுக்கு இத்தனை கும்பிடா? மண்டையோட்டில் வேகாத துண்டொன்று உள்ளங்கையளவில் கிடந்தது. வகுப்பில் காட்ட உதவும் என்று கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டான்.

"மண்டையில ஒரு பக்கம் கொறையுதே, தம்பி," என்றார் அப்புசாமி மாமா.

"எரிஞ்சு போயிருக்கும் மாமா. மண்டைக்கு மொத்தம் எத்தன எலும்புன்னு தெரியுமா ஒங்களுக்கு? இருவத்திரண்டு. சும்மா பேசாதீங்க."

கடலில் கரைக்கவும் அவன் போகவில்லை. மாமாவிடமே பானையைத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்து, துண்டை ஒரு மைலோ டின்னில் போட்டு மூடினான். படித்த துரை அல்லவா!

இப்போது விரலால் தொட்டுப் பார்த்தான். அந்த இடத்தில் எலும்பே தட்டுப்படவில்லை. கைக்குழந்தையின் உச்சிக்குழிபோல் மெத்தென்றிருந்தது. துடித்தது.

வீக்கம்தான். வெயிலில் நின்றது. வேறென்ன இருக்க முடியும்?

போன் அடித்தது. கடற்கரையிலிருந்து மாமா.

"பானை முங்க மாட்டேங்குது தம்பி. மூணு தரம் விட்டோம், திரும்பித் திரும்பி கரைக்கே வருது. நீ ஏதாச்சும் எடுத்தியா லா?"

"பைத்தியமா மாமா ஒங்களுக்கு?"

"இப்ப பானையையே காணோம்யா..."

ரிசீவர் கையிலிருந்து நழுவியது. வலக்கையில் உணர்ச்சி இல்லை. இடப்பக்க மூளைதான் வலக்கையை ஆள்கிறது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பான். பதில் தெரியாத பிள்ளையை, மண்டையில் மசாலா இல்லையா என்று எத்தனை முறை கேட்டிருப்பான். முதல் முறையாகப் பயம் வந்தது. மனைவியைக் கூப்பிட்டான்.

"பவானி!"

"என்னாங்க?" சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. "ரூம்ல யாருங்க? மாமா கூப்புட்ட மாதிரியே இருக்கு..."

தன் மாமனாரைத்தான் சொல்கிறாள். செத்துப்போன அவன் அப்பாவை.

இடக்கையால் டின்னைத் திறந்தான். கரியில்லை. சாம்பலில்லை. உள்ளே கிடந்த எலும்பு வெள்ளையாக, ஈரமாக, சூடாக இருந்தது. உட்புறத்தில் ரத்தக் குழாய்கள் ஓடிய பள்ளங்கள். வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு, அவன் தன் தலைக்கு நேற்றுச் சாயம் பூசிய முடி.

தலையைத் தொட்டான். தோலும் இல்லை. விரல்கள் உள்ளே போயின. வலிக்கவில்லை. மூளைக்கு வலி தெரியாது. அதுவும் அவன் சொல்லிக்கொடுத்ததுதான்.

"பவானி, வராத!" என்று கத்தப்போனான். வாயிலிருந்து வந்தது அப்பாவின் குரல்.

"ஏ புள்ள, வாம்மா."

செருப்புச் சத்தம் வந்தது. அவள் வருவதற்குள் மூடிவிட வேண்டும். எலும்பைத் தூக்கிப் பள்ளத்தின்மேல் வைத்து அழுத்தினான். எலும்பின் ஓரத்துப் பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. பொருந்தியது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

கதவு திறந்தது.

மண்டைக்குள்ளிருந்து, பால்வெட்டும் கத்தி பிடித்துக் காய்ப்பேறிய கட்டைவிரல் ஒன்று எலும்பை மெல்ல வெளியே தள்ளியது.